பழைய கேம்பேட், கீபோர்டில் செய்த மிடி கன்ட்ரோலரை வைத்துக் கும்மிக்கு வாசிக்க முடியுமா?

நம்பியூர் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மாமா நெட் சென்டரை மூடியபோது ஆறு கீபோர்டும் இரண்டு யூஎஸ்பி கேம்பேடும் உங்கள் கைக்கு வந்திருக்கின்றன. சாலிடரிங் ஓரளவு வரும். இவற்றை வைத்து வீட்டிலேயே மிடி கன்ட்ரோலர் செய்ய முடியுமா, ஆர்டுயினோ என்ற சிறு கன்ட்ரோல் போர்டை வாங்கியே ஆக வேண்டுமா என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில், ஊரில் நடக்கும் வள்ளி கும்மிப் பயிற்சிக்கு அதை வாசிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் நான் உங்கள் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். செய்ய முடியுமா என்றால் முடியும். இன்று சாயங்காலமே, பைசா செலவில்லாமல். ஐம்பது பேர் வட்டம் சுற்றிக் கை தட்டும்போது அவர்களோடு தாளம் பிசகாமல் வாசிக்க முடியுமா என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் திருப்பூரில் நிட்டிங் மெஷின்களின் கன்ட்ரோல் போர்டு சர்வீஸ் பார்க்கிறேன். பதினெட்டு வருடமாகிறது. பஞ்சு பறக்கும் இடத்தில் பொத்தான்கள் எப்படிச் சாகும், எப்படிப் பிழைக்கும் என்பதுதான் என் தினசரி வேலை. அந்தப் பழக்கத்தில் தெரிந்த கலைக்குழுக்களுக்கு இந்த மாதிரிக் கன்ட்ரோலர்கள் பத்துப் பன்னிரண்டு செய்து கொடுத்திருக்கிறேன். போர்டு, வயர், நேரத் தாமதம் பற்றி இங்கே சொல்வதெல்லாம் மீட்டர் வைத்தும் ரெக்கார்டு செய்தும் பார்த்தது. வாசிப்பு எப்படி இருக்கும் என்று சொல்லும் இடங்களில் மட்டும் அதை என் காதின் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் இசையை முறையாகக் கற்றவன் இல்லை.

முதலில் மிடி பற்றி ஒரு தெளிவு. மிடி வழியாகச் சத்தம் போவதில்லை, கட்டளை போகிறது. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், தொடங்கு, நிறுத்து என்பதை மூன்று சிறு எண்களாகச் சொல்வதுதான் அதன் வேலை. உதாரணமாக 144, 60, 100 என்று அனுப்பினால் முதல் சேனலில் நடு சி சுரத்தை 100 அளவு அழுத்தத்தில் தொடங்கு என்று பொருள். சுரத்துக்கும் அழுத்தத்துக்கும் எண்கள் 0 முதல் 127 வரை. 1983இல் இரண்டு போட்டிக் கம்பெனிகளின் கருவிகளை ஒரே கேபிளில் இணைத்துக் காட்டிய நாளிலிருந்து இந்த மொழி பெரிதாக மாறவில்லை. இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்றால், பொத்தான் எங்கிருந்து வந்தது என்று சத்தம் போடும் மென்பொருளுக்குக் கவலையே இல்லை. பல்லாயிரம் ரூபாய்க் கருவியும் பழைய இரும்புக் கடைக் கேம்பேடும் அதற்கு ஒன்றுதான்.

இப்போது இருக்கும் பொருளுக்கு வருவோம். ஆறு கீபோர்டு இருப்பதால் எல்லோரும் போல அதில் பியானோ செய்யத்தான் கை போகும். என் யோசனை, கேம்பேடில் தொடங்குங்கள். அதைத் திறக்கவே வேண்டாம். யூஎஸ்பியில் செருகினால் பொத்தான்களின் நிலையும் கட்டைவிரலால் தள்ளும் குச்சிகளின் நிலையும் கம்ப்யூட்டருக்குத் தானே போய்க்கொண்டிருக்கும். அதைப் படித்து மிடியாக மாற்றும் ஒரு சிறு நிரல் நடுவில் இருந்தால் போதும். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் பைகேம், மிடோ என்ற இரண்டு தொகுப்புகளை வைத்து முப்பது நாற்பது வரியில் முடிந்துவிடும். நிரல் எழுத வராவிட்டால் ப்யூர் டேட்டா என்ற இலவச மென்பொருளில் பெட்டிகளைக் கோட்டால் இணைத்தே செய்யலாம். விண்டோஸில் ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு மிடி அனுப்ப லூப்மிடி மாதிரி ஒரு மெய்நிகர் போர்ட் வேண்டும். லினக்ஸில் அது கேட்காமலே இருக்கிறது. சத்தத்துக்கு எல்எம்எம்எஸ் போதும், இலவசம். ஆக உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை, இந்த வழிக்கு ஆர்டுயினோ தேவையே இல்லை.

கேம்பேடை முதலில் வைக்க வேறொரு காரணம் இருக்கிறது. காங்கேயம் பக்கத்திலிருந்து உடுக்கை வாசிக்கும் பெரியவர் ஒருவர், அண்ணன்மார் கதை பாடுகிறவர், ஆம்ப்ளிஃபயர் ரிப்பேருக்கு என்னிடம் வந்தார். மேஜையில் கிடந்த கேம்பேடை எடுத்துப் பார்த்தார். எக்ஸ்பாக்ஸ் வகை, முன்பக்கம் விரல் இழுக்கும் ட்ரிகர் உள்ளது. மேலே இருந்த நான்கு பொத்தான்களை அவர் தொடவே இல்லை. இடது கை நேராக ட்ரிகரில் போய் இறுகியது, வலது கை விரல்கள் குச்சியின் தலையைத் தட்டின. உடுக்கையின் இடுப்புக் கயிற்றை இடது கை இறுக்கினால் சுரம் ஏறும், விட்டால் இறங்கும். அதே பிடிதான். அப்போதே அந்த ட்ரிகரை மிடியின் பிட்ச் பெண்டுக்கு, அதாவது ஒலிக்கும் சுரத்தை வழுக்கி ஏற்றி இறக்கும் கட்டளைக்கு, மாற்றிக் கொடுத்தேன். இரண்டு முறை இழுத்துவிட்டு, "ஏங்கண்ணு, இதும் இறுக்குனா ஏறுதே" என்றார். பியானோக் கட்டை மாதிரி ஒரு கருவியை அவர் கையில் கொடுத்திருந்தால் அப்படி வாசித்திருக்க மாட்டார். கேம்பேடின் ஸ்ப்ரிங்கும் தானே நடுவுக்குத் திரும்பும் குச்சியும் நம் ஊர்த் தோல் கருவிகளுக்கு இயல்பாகப் பொருந்துகின்றன என்பது அன்று எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இதில் ஒரு கணக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. பிட்ச் பெண்டுக்கு மொத்தம் 16384 படிகள், நடு 8192. ஆனால் சாதாரணக் கேம்பேட் குச்சி கொடுப்பது 0 முதல் 255 வரை, 256 படிதான். மென்பொருளில் பெண்டின் எல்லை மேலே இரண்டு அரைச்சுரம் கீழே இரண்டு என்று இருந்தால் ஒரு படி ஒன்றரை சென்ட் அளவு; அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் சென்ட். காதுக்குத் தெரியாது, வழுக்கிக்கொண்டு போகும். உடுக்கை மாதிரி நிறைய ஏற வேண்டும் என்று எல்லையைப் பன்னிரண்டாக்கினால் ஒரு படி ஒன்பது சென்டைத் தாண்டும். இழுக்கும்போது படிக்கட்டு மாதிரி கரகரவென்று கேட்கும். நான் எல்லையை ஐந்தில் வைத்து, நிரலில் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குக் கொஞ்சம் மெல்ல நகரும்படி செய்துகொள்கிறேன். இன்னொன்று, பழைய குச்சி நடுவில் சரியாக நிற்காது. 128க்குப் பதில் 121இல் நிற்கும், 134க்கு ஓடும். நடுவில் பத்துப் பதினைந்து எண்களை வெற்றிடமாக விட்டுவிடுங்கள். விலை குறைந்த கேம்பேடுகளில் ட்ரிகர் இடத்தில் இருக்கும் பொத்தான்கள் வெறும் சுவிட்ச்தான். இழுத்தால் பாதி, முக்கால் என்று வராது. உங்களுடையது எது என்று செருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இழுவை இல்லாவிட்டால் இடது குச்சியை அந்த வேலைக்கு வையுங்கள்.

சரி, தாமதம். கும்மிக்கு இதுதான் உயிர். நிமிடத்துக்கு 120 கைத்தட்டு என்று வைத்தால் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் 500 மில்லி செகண்டு. அதை நான்காகப் பிரித்து வாசித்தால் ஒவ்வொன்றும் 125. பழைய லேப்டாப்பில் விண்டோஸின் சாதாரண ஆடியோ டிரைவரோடு நான் அளந்தபோது பொத்தான் தட்டியதற்கும் சத்தம் வந்ததற்கும் இடையே 90 மில்லி செகண்டு ஆனது. அந்த 125இல் முக்கால்வாசி பின்தங்குகிறது. அதை வைத்து யாரும் வாசிக்க முடியாது. பழியைக் கேம்பேட் மேல் போடாதீர்கள். உங்களிடம் இருப்பது போன்ற கேம்பேடையும் கீபோர்டையும் கம்ப்யூட்டர் பொதுவாக 8 மில்லி செகண்டுக்கு ஒரு முறை விசாரிக்கிறது, அவ்வளவுதான் அதன் பங்கு. மீதியெல்லாம் ஆடியோப் பக்கத்தில் தேங்குவது. கம்ப்யூட்டர் சத்தத்தைச் சாம்பிள் என்ற சிறு துண்டுகளாக்கி, பஃபரில் கொஞ்சம் சேர்த்து வைத்துத்தான் வெளியே விடும். நொடிக்கு 44100 சாம்பிள் வேகத்தில் 1024 சாம்பிள் பஃபர் என்றால் அதுவே 23 மில்லி செகண்டு. 256 என்றால் 6க்கும் குறைவு. விண்டோஸில் ஏசியோ4ஆல் என்ற இலவச ஆடியோ டிரைவரை, அதை ஏற்கும் இசை மென்பொருளோடு போட்டு 256க்குக் கொண்டு வந்ததும் அதே லேப்டாப்பில் 22 ஆனது. ப்ளூடூத் ஸ்பீக்கர், ப்ளூடூத் ஹெட்செட் பக்கம் போகவே வேண்டாம்; அவை மட்டுமே நூறு மில்லி செகண்டுக்கு மேல் சேர்த்துவிடும். பிரவுசருக்குள்ளேயே கேம்பேடைப் படிக்கும் இணையதளங்கள் இருக்கின்றன. விளையாட்டுக்குச் சரி, பெரும்பாலும் திரை புதுப்பிக்கும் வேகத்தில்தான் படிக்கும் என்பதால் இன்னொரு 16 மில்லி செகண்டு வரை ஏறும்.

அளப்பது சுலபம். போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, கேம்பேடையும் ஸ்பீக்கரையும் அதற்கு அருகே வைத்து, பொத்தானை நகத்தால் சத்தமாகத் தட்டுங்கள். அந்தப் பதிவை ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் திறந்தால் நகம் பட்ட கோடும் ஸ்பீக்கர் சத்தத்தின் கோடும் தனித்தனியாகத் தெரியும். நடுவில் உள்ள இடைவெளிதான் உங்கள் தாமதம். பத்து முறை தட்டிப் பாருங்கள். எண் சிறியதா என்பதோடு, பத்திலும் ஏறக்குறைய ஒரே எண் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். என் காதுக்கு 25 வரை பரவாயில்லை. துடும்பு மேளம் மாதிரி உருட்டி வாசிக்கும்போது 30ஐத் தாண்டினால் கை தயங்குகிறது. இந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும், நன்றாக வாசிப்பவர்கள் என்னைவிடக் கறாராக இருப்பார்கள். ஸ்பீக்கரை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். சத்தம் காற்றில் ஒரு மீட்டர் கடக்க 3 மில்லி செகண்டு எடுக்கிறது. பத்து மீட்டர் தள்ளி ஸ்டாண்டில் ஏற்றிய ஸ்பீக்கரைக் கேட்டு வாசித்தால், நீங்கள் பாடுபட்டுக் குறைத்ததில் 30 மில்லி செகண்டு அங்கே திரும்ப வந்துவிடும். வாசிப்பவர் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வையுங்கள்.

அடுத்து கீபோர்டுகள். நெட் சென்டர் சரக்கு என்றால் சிலவற்றில் யூஎஸ்பிக்குப் பதில் பழைய பிஎஸ்/2 வகை ஊதா நிற வட்டப் பிளக் இருக்கலாம். அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். முதலில் கீபோர்டின் குறையைத் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே மூன்று பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்கடத்தும் மை கோடுகள், நடுவில் துளையிட்ட தாள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு வரிசைக் கோடும் ஒரு பத்திக் கோடும் சந்திக்கும் இடம். இரண்டு வரிசை, இரண்டு பத்தி சேர்ந்து ஒரு சதுரமாக அமையும்போது, அதன் மூன்று மூலைகளை ஒன்றாக அழுத்தினால் நான்காவதும் அழுத்தியது போலச் சிப்புக்குத் தெரியும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க அது மூன்றாவது எழுத்தையே விட்டுவிடும். இசையில் இதன் பலன், மூன்று சுரம் சேர்த்துப் பிடித்தால் சில கூட்டணிகளில் ஒன்று மௌனமாகிவிடும். இது பழுது இல்லை, அதன் அமைப்பே அப்படி. இதற்கு மேல் யூஎஸ்பி கீபோர்டுகளில் பெரும்பாலானவை ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவை நீங்கலாக ஒரே நேரத்தில் ஆறு எழுத்துக்கு மேல் சொல்லாது.

இதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. கீபோர்டைக் கவிழ்த்துத் திருகுகளைக் கழற்றுங்கள். ஒரு திருகு ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். தாள்களை வெளியே எடுத்தால் ஒரு மூலையில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பச்சைப் போர்டு இருக்கும். தாள்களின் கோடுகள் அதன் விளிம்பில் அழுந்தி நிற்கும், பொதுவாக இருபத்தாறு முனை: ஒரு பக்கத்துக்கு 8, இன்னொன்றுக்கு 18. தாளில் சாலிடர் வைக்காதீர்கள். நான் முதல் முறை வைத்தேன், பிளாஸ்டிக் சுருங்கி ஒரு நல்ல கீபோர்டு போனது. தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் கோடு கோடாக விரலால் பின்தொடருங்கள், சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வைத்து உறுதி செய்யுங்கள். நீளமான கோடுகளில் மையின் தடை கூடுதலாக இருப்பதால் பீப் வராமல் போகலாம். அப்போது ஓம் நிலையில் பாருங்கள். எந்த எழுத்து எந்த இரண்டு முனை என்று தாளில் எழுதுங்கள். ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்தப் பட்டியல் கையில் வந்ததும், ஒரே ஒரு கோட்டில் இருக்கும் எழுத்துகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரே கோட்டில் இருப்பவை சதுரமாகவே அமைய முடியாது, அதனால் அவற்றுக்குள் எதுவும் எதையும் மறைக்காது. பதினெட்டு பக்கத்துக் கோடு ஒன்றை எடுத்தால் அதிகபட்சம் எட்டுப் பொத்தான். தாளத்துக்கு எட்டு தாராளம். அந்த முனைகளில் வயர் வைத்து உங்களுக்கு வேண்டிய பெரிய பொத்தான்களை இணைத்துவிடலாம். விளிம்பு முனைகள் கறுப்பாக இருந்தால் அது கார்பன் பூச்சு, சாலிடர் ஒட்டாது. பிளேடால் மெல்லச் சுரண்டிச் செம்பு தெரிந்த பிறகு வையுங்கள். கேம்பேடைத் திறந்து வயர் எடுப்பதானாலும் இதே விதிதான். வயருக்குப் பழைய ஹார்டு டிஸ்க் ரிப்பன் கேபிளைக் கிழித்துக்கொள்ளுங்கள். லேன் கேபிள் வேண்டாம், அதில் பெரும்பாலும் இருக்கும் ஒற்றைக் கம்பி நாலு முறை வளைந்தால் ஒடியும்.

கீபோர்டில் இன்னும் இரண்டு தொல்லை. எழுத்தை அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் அதைத் திரும்பத் திரும்ப அடிக்கும். நிரலில் முதல் அழுத்தத்தையும் விடுவதையும் மட்டும் எடுத்துக்கொண்டு நடுவில் வருவதைத் தள்ள வேண்டும். விண்டோஸில் இரண்டு கீபோர்டு செருகினால் சாதாரண நிரலுக்கு அவை ஒன்றாகத்தான் தெரியும், நீங்கள் வாசிப்பது வேறு ஜன்னலில் எழுத்தாகவும் விழும். லினக்ஸில் ஒவ்வொன்றையும் தனியாகப் படிக்கலாம். இந்த இரண்டாவது தொல்லைக்கு நல்ல தீர்வு அந்த ஊதாப் பிளக் கீபோர்டு. அதில் வேலை செய்வது நான்கு வயர்: 5 வோல்ட், கிரவுண்ட், கிளாக், டேட்டா. இதை ஆர்டுயினோ லியோனார்டோவிலோ 5 வோல்ட் ப்ரோ மைக்ரோவிலோ இணைத்தால், அந்தச் சின்னப் போர்டு எழுத்தைப் படித்துத் தன்னையே ஒரு மிடி கருவி என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொள்ளும். 8 மில்லி செகண்டு விசாரணைக்குக் காத்திருக்காமல் எழுத்து அழுந்திய உடனே கீபோர்டு தானே சொல்லும், ஆறு எழுத்து வரம்பும் அதில் இல்லை. சதுரத் தொல்லை மட்டும் மாறாது. வாங்கும்போது ஆர்டுயினோ யூனோ ஆர்3 வாங்கிவிடாதீர்கள். அதன் முதன்மைச் சிப்புக்கு நேரடி யூஎஸ்பி கிடையாது, மிடி கருவியாக நிறுத்தச் சுற்றி வளைக்க வேண்டும்.

ராஸ்பெர்ரி பை பிகோ என்ற இன்னொரு சிறு போர்டும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, எல்லாவற்றையும் புதிதாகச் செய்வதானால் என் தேர்வு அதுதான். 26 முனை இருப்பதால் பதினாறு பொத்தானை நேராகவே இணைக்கலாம்; வரிசை, பத்தி என்று பின்னத் தேவையில்லை. ஆனால் அது 3.3 வோல்ட் போர்டு. 5 வோல்ட் ஊதாப் பிளக்கை நேராக வைக்காதீர்கள். கேம்பேட் குச்சியைப் பிடுங்கி வைத்தாலும் அதற்கு 3.3 வோல்ட்டே கொடுங்கள்.

இவை எல்லாவற்றாலும் முடியாத ஒன்று உண்டு, அதை ஒளிக்கக் கூடாது. எவ்வளவு பலமாக அடித்தீர்கள் என்பது இந்தப் பொத்தான்களுக்குத் தெரியாது. எல்லா அடியும் ஒரே பலம். கும்மிக்கு இது பெரிய குறை, ஏனென்றால் முதல் தட்டு கனமாகவும் மற்றவை லேசாகவும் விழுந்தால்தான் ஆடுபவர்களுக்குக் கால் எடுக்க வரும். நான் செய்வது, ஒரே தாளத்துக்கு இரண்டு பொத்தான், ஒன்று 110, மற்றது 70. இல்லையென்றால் குச்சியை முன்னால் தள்ளினால் பலம் கூடுகிற மாதிரி வைக்கலாம். உண்மையான அடி வேண்டுமென்றால் பீசோ வட்டுத்தான், அடியின் பலத்துக்கு ஏற்ப மின்சாரம் தரும் சின்னத் தகடு அது. அதை ரப்பர் பாய்த் துண்டுக்கு அடியில் ஒட்டி, குறுக்கே 1 மெகாஓம் ரெசிஸ்டரும் போர்டைக் காக்க ஒரு ஜீனர் டயோடும் வைத்து அனலாக் முனைக்குக் கொடுக்க வேண்டும். பலமான அடிக்கு அந்த வட்டு போர்டு தாங்காத அளவுக்கு வோல்ட் தள்ளும், ஆகவே ஜீனரை விட்டுவிடாதீர்கள். இதை இரண்டாவது மாதம் செய்யுங்கள்.

பொத்தான் விட்டு விட்டு வேலை செய்தால் உடனே சாலிடரைச் சந்தேகிக்க வேண்டாம். கேம்பேட் பொத்தானுக்குக் கீழே இருக்கும் ரப்பரின் அடியில் உள்ள கறுப்புக் கார்பன் வட்டையும் போர்டையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். என்னிடம் வரும் பேனல்களில் பாதி இதிலேயே சரியாகிவிடும். ஒயர்லெஸ் கேம்பேட் ஏதாவது இருந்தால் உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும். உப்பியிருந்தால் அதன் மேல் சூடான அயர்னோ கூரான கருவியோ படக் கூடாது.

கடைசியாக, பயிற்சிக்குக் கொண்டுபோவதற்கு முன் செய்தே ஆக வேண்டியது. ஒரு முறை ஒரு கோயில் திடலில் நான் செய்து கொடுத்த கீபோர்டின் கேபிள் வாசிப்பு நடுவே யாரோ கால் பட்டு உருவிக்கொண்டது. அந்த நேரத்தில் ஒரு சுருதிச் சுரம் பிடித்திருந்தது. தொடங்கு என்ற கட்டளை போய்விட்டது, நிறுத்து என்பது போகவே இல்லை. சுரம் நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தது. ஆடுபவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள், நான் லேப்டாப்பில் எதை மூடுவது என்று தேடிக்கொண்டிருந்தேன். மிடியில் இதற்கென்றே 123ஆம் எண் கட்டளை இருக்கிறது, ஒலிக்கும் சுரங்களையெல்லாம் நிறுத்தச் சொல்வது. கேம்பேடும் கீபோர்டும் காணாமல் போனால் உங்கள் நிரல் தானாகவே அதைப் பதினாறு சேனலுக்கும் அனுப்பட்டும். கையால் அனுப்ப ஒரு பொத்தானும் வையுங்கள். கன்ட்ரோலரில் வேண்டாம், அதுதானே உருவிக்கொண்டிருக்கும். லேப்டாப்பின் எஸ்கேப் பொத்தானில் வையுங்கள், இருட்டிலும் தெரிகிற மாதிரி அதன் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துவிட்டுப் பயிற்சிக்குக் கிளம்புங்கள்.